வெளியாள்

கொட்டாஞ்சேனையில் கள்ளனுக்குப் பயப்படாத வீடு ஒன்று இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். அடுத்த ஒழுங்கையில் பட்டப்பகலில் தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்களே, அன்றிலிருந்து மரியகொறற்றிக்கு நிம்மதி போய்விட்டது. அவளுக்கு ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஒபீசில் வேலை. புருசன் நிக்கலஸ் கண்ணை மூடிப் பல வருசம். பகலெல்லாம் வீட்டில் மகள் ரொஷேல் மட்டும்தான், ஓடருக்குக் கேக் அடித்து ஐசிங் போட்டுக்கொண்டிருப்பாள். இந்தப் புலம்பலை மிலானோவில் இருக்கிற அண்ணன் பிறெடியிடம் போனில் சொன்னதுதான் தாமதம், லீவில் வந்த ஆரோ ஒருவரிடம் கெமரா ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதைப் பூட்ட வந்தவர் வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கிற தயாபரன். நல்ல மனுசன்தான். ஆனால் ஒரு கையில் ட்ரில், மறு கையில் போன். ஒரு வசனம் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இன்னொரு கோல் வந்துவிடும்.

“வாசலைப் பார்க்கப் பூட்டுவம் அக்கா. ஹோலுக்குள்ள வேண்டாம், நீங்க இருக்கிறது எழும்புறது எல்லாம் தெரியும்” என்றார்.

“வாசல்ல பூட்டினா அதையே கழட்டிக்கொண்டு போயிடுவானுகள்” என்று சொல்லி, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் உயரமாக ஓர் இடத்தைக் காட்டினாள் கொறற்றி. அங்கிருந்து பார்த்தால் ஹோல், சாப்பாட்டு மேசை, குசினி வாசல் எல்லாம் ஒரே பார்வைக்குள் வரும்.

“சரி, இதில ஸ்பீக்கரும் இருக்கு, போனில கதைச்சா இங்க கேட்கும். இப்ப பாஸ்வேர்ட் போடுங்க. பேர், பிறந்த நாள் ஒண்டும் வேண்டாம். ஒருத்தருக்கும் குடுக்கவும் வேண்டாம். வேற போன்ல ஆரும் திறந்தா உங்கட போனுக்கு ஒரு கோட் வாற மாதிரியும் செய்யலாம். போட்டு விடவா?”

“ஐயோ, அந்தக் கோட் கீட் எல்லாம் வேண்டாம் தம்பி. எனக்கு மண்டை விறைக்கும்.”

போனை வாங்கி அந்தோனியாரின் பெயரை அடித்தாள். பின்னால் அவருடைய திருநாள் பதின்மூன்றையும் சேர்த்தாள். அவளுடைய வைஃபைக்கும் அதுதான், ரொஷேலின் கேக் பக்கத்துக்கும் அதுதான். கொட்டாஞ்சேனையில் பாதி வீட்டுக்கு அதுதான் பாஸ்வேர்ட் என்று சொன்னால் ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டார்கள். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிற வேலை போதாதென்று, பாவம் அந்த மனுசனை இந்தச் சனம் வாட்ச்மேனாகவும் நிறுத்தி வைத்திருக்கிறது.

அன்றைக்கே பிறெடி கோல் எடுத்தார். “வேலை செய்யுதா எண்டு நானும் ஒருக்காப் பார்க்கிறன், பாஸ்வேர்டைச் சொல்லு” என்றார். சொன்னாள். கூடப் பிறந்தவருக்குச் சொல்லாமல் வேறு ஆருக்குச் சொல்வது? அவர் தன் மனைவி ஜெசிந்தாவுக்குச் சொன்னார். ஜெசிந்தா அங்கே ஓர் இத்தாலிக் கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பவள். கிழவி கண்ணயர்ந்தால் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. அவள் கொட்டாஞ்சேனை ஹோலைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு டெலிடிராமா பார்க்கிற மாதிரிப் பார்க்கத் தொடங்கினாள். ரொஷேல் முட்டை அடிக்கிறது, கொறற்றி வேலையால் வந்து செருப்பைக் கழற்றி எறிகிறது, எல்லாம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. தனிமைதான். இதெல்லாம் கொறற்றிக்குத் தெரிய வந்தபோது, தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிருந்தது.

ரொஷேலுக்கு வலிப்பு வரும். பள்ளிக்கூடக் காலத்தில் தொடங்கியது. மருந்து எடுக்கிறாள், ஆனாலும் எப்போதாவது ஒரு நாள், நின்ற நிலையில் சாய்ந்துவிடுவாள். இதைக் கொறற்றி பங்குச் சாமிக்குக்கூடச் சொன்னதில்லை, பிறெடிக்கும் சொன்னதில்லை. பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி என்று வந்தால்? வீட்டுக்கு வெளியே அது தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு ஹமீமா.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். கொறற்றி வேலைக்குப் போன நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டால் ஹமீமா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். கதவுப் பூட்டைத் திறக்க, சிவப்பு நூலில் கோத்த வீட்டுத் திறப்பு ஒன்று அவளிடம் எப்போதும் இருந்தது. பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்து, நினைவு வரும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். மூத்த அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது அவர்களுடைய வழக்கம். கொறற்றியும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். ஹமீமாவுக்குக் கொறற்றி தங்கச்சி. கோயில்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு ஒழுங்கையில் நாலு பேர் ஹமீமா வீட்டு வாசலில் நின்று கத்தினபோது, குறுக்கே போய் நின்று “இவ என்ட அக்கா, எட்டி நில்லுங்கோ” என்று சத்தம் போட்டவளும் இதே கொறற்றிதான். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

கெமரா பூட்டின பிறகு ரொஷேல் ஒரு முறை விழுந்தாள். வழக்கம்போல ஹமீமா வந்தாள், பார்த்தாள், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஹெந்தளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். பையனுக்குக் கப்பல் கொம்பனியில் வேலை, தகப்பன் கோயில் பாட்டுக்குழுவில் வயலின். மரியாதையான சனம். கொறற்றிக்குக் கால் தரையில் படவில்லை.

“அம்மா, வலிப்பு வருத்தத்தை இப்பவே சொல்லிடுவம்” என்றாள் ரொஷேல்.

“விசரா உனக்கு? முதல்ல மோதிரம் மாத்தட்டும். பிறகு மெல்லமாச் சொல்லுவம்.”

“பிறகு சொன்னா அது சொல்றது இல்ல அம்மா. பிடிபடுறது.”

“வாயை மூடு. உன்ட நன்மைக்குத்தான் நான் தலையால நடக்கிறன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளை வீட்டு அன்ரி கோல் எடுத்தார். குரல் தேன் மாதிரி இருந்தது. “பிள்ளைக்கு விழுற வருத்தம் இருக்காமே மிஸிஸ் நிக்கலஸ். முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பரவாயில்ல, நாங்களும் செபிக்கிறம்.” ஆர் சொன்னது என்று கேட்டதற்கு, “தெரிஞ்ச ஆக்கள்தான்” என்றதோடு சரி, சம்பந்தமும் அதோடு நின்றுபோனது.

தெரிந்த ஆள் என்று உலகத்தில் ஒருத்திதானே இருக்கிறாள்! கொறற்றி ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வீட்டுச் சட்டையோடு, தலையைக்கூட முடியாமல், பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“சொன்னது நீங்கதானே?”

ஹமீமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் முகம் வெளுத்துப்போனது. “என்ன கத செல்றீங்க தங்கச்சி? நான் செல்லல்ல. அல்லாஹ் மேல ஆணையா ஒருத்தருக்கும் செல்லல்ல. அவ என்ட புள்ள மாதிரி.”

“புள்ள மாதிரி! உங்கட ஆக்களுக்கு எங்கட பிள்ளையள் நல்லா இருந்தாப் பொறுக்குமா?”

சே, என்ன வார்த்தை அது! சொன்ன வாய்க்கே தெரிந்தது. ஆனால் கோபத்தில் இருக்கிறவளுக்கு வார்த்தையைத் திருப்பி எடுக்கத் தெரியாது, அதன் மேல் இன்னொன்றைப் போடத்தான் தெரியும். “என்ட திறப்பைத் தாங்க. வெளியாளிட்டத் திறப்புக் குடுத்தது என்ட மடத்தனம்” என்று கையை நீட்டினாள்.

ஹமீமாவின் புருசன் ஹுசைன் உள்ளேயிருந்து எழும்பி வந்தார். ஹமீமா அவரைக் கையால் மறித்துவிட்டு உள்ளே போய், சிவப்பு நூலோடு திறப்பைக் கொண்டு வந்து கொறற்றியின் கையில் வைத்தாள். ரொஷேல் அன்று இரவு சாப்பிடவில்லை. “ஹமீமா ஆன்ட்டி சொல்லியிருக்க மாட்டா அம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “அப்ப கர்த்தர் வந்து சொன்னாரா?” என்று கொறற்றி வெடித்தாள்.

அதோடு விட்டாளா? இல்லை. தயாபரனைத் திரும்பக் கூப்பிட்டாள். அவளுடைய வைஃபையைத்தான் ஹமீமா வீட்டிலும் பாவிப்பார்கள். அதை வெட்ட வேண்டும். அவர்கள் கெமராவுக்குள்ளும் பூந்திருப்பார்கள் என்று இப்போது சந்தேகம்.

தயாபரன் போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். “பக்கத்து வீடு ஒண்டும் இதுக்குள்ள இல்ல அக்கா. ஆனா இன்னும் ரெண்டு போன் உங்கட கெமராவுக்குள்ள நிக்குது. இத்தாலி எண்டு காட்டுது. ஒண்டு இப்பவும் பார்த்துக்கொண்டிருக்கு.”

“அது அண்ணன்ட வீடு.”

“பாஸ்வேர்டை மாத்தி அவையளை வெளியில எடுத்து விடவா? நீங்க விரும்பினாத் திரும்பக் குடுக்கலாம்.”

“தம்பி, அண்ணன் என்ன வெளியாளா? கெமரா வாங்கித் தந்ததே அவர். அந்தோனியாரை மாத்தவும் வேண்டாம், அவரை எடுக்கவும் வேண்டாம். நீங்க பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் வெட்டி விடுங்க.”

தயாபரனுக்குக் கிருலப்பனையிலிருந்து கோல் வந்துவிட்டது. “அப்ப சரி அக்கா” என்று வைஃபைக்கு மட்டும் புதுப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினார். கொறற்றி பின் வாசலுக்குப் புதுத் தாழ்ப்பாள் ஒன்று அடிப்பித்தாள். ஹமீமாவின் நம்பரைப் போனில் பிளொக் பண்ணினாள். எல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொண்டாள். திறப்பு அவளுடைய கைப்பையின் அடியில், சிவப்பு நூலோடு கிடந்தது.

மாதங்கள் போயின. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் ஹமீமா முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போவாள். கொறற்றி நிமிர்ந்துதான் நடந்தாள். ஆனால் கருவாட்டு வாசம் வரும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். அதைக் கோபம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

அன்று வேலை நாள். ஒபீசில் போனைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும் என்பது மனேஜர் பெரியவரின் சட்டம். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டுத்தான் கொறற்றி போனை எடுத்துப் பார்த்தாள். மிலானோவிலிருந்து வரிசையாக மிஸ்ட் கோல். ‘சாப்பிட்டிட்டு எடுப்பம், ஜெசிந்தா தொடங்கினா லேசில விடமாட்டா’ என்று நினைத்தாள். அதற்குக் கீழே பங்குச் செபக்குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. எங்கெங்கோ சுற்றி வந்த செய்தி.

‘அவசர செப விண்ணப்பம். கொட்டாஞ்சேனையில் ஓர் இளம் பிள்ளை வலிப்பு வந்து தனியே விழுந்து கிடக்கிறாள். ஓர் அருள் நிறைந்த மரியாயே சொல்லிவிட்டு இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’ கீழே ஒரு வீடியோ.

பாவம், ஆர் பெற்ற பிள்ளையோ! தன் பிள்ளைக்கும் அதே வருத்தம் என்பதால் கொறற்றிக்கு மனசு உருகிவிட்டது. சோற்றுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி அருள் நிறைந்த மரியாயே சொன்னாள். மனசாரச் சொன்னாள். பிறகு இடது கையால் பத்துப் பேரைத் தேடித் தேடி எடுத்து அனுப்பினாள். கூப்பின கை படம் ஒன்றும் போட்டாள். ஒரு வாய் சோறு எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் வீடியோவைத் திறந்தாள்.

உயரத்திலிருந்து எடுத்த படம். சாப்பாட்டு மேசை. போன நத்தார் பண்டிகைக்கு அவளே வாங்கி விரித்த மேசை விரிப்பு. மேசைக் காலடியில், காலையில் கொறற்றி வீட்டை விட்டு வெளிக்கிடும்போது பிள்ளை போட்டிருந்த அதே மஞ்சள் சட்டையோடு ரொஷேல், கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தபடி கிடந்தாள்.

வாயில் இருந்த சோறு அப்படியே விழுந்தது. கொறற்றி கத்தின கத்தலில் பெரியவரே எழும்பி ஓடி வந்தார்.

ரொஷேலின் போன் அடித்து அடித்து நின்றது. வேறு ஆர் இருக்கிறார்கள்? பக்கத்தில் ஆர் இருக்கிறார்கள்? ஹமீமாவின் நம்பரைத் தேடி, பிளொக்கை எடுத்துவிட்டுக் கோல் எடுத்தாள்.

“தாத்தா, என்ட பிள்ள...”

“பெரியாஸ்பத்திரிக்கு வாங்க” என்றாள் ஹமீமா. “உசிருக்குப் பயமில்ல எண்டு செல்றாங்க. ஒங்களுக்கு எத்தினையோ தரம் எடுத்தேன், கோல் போகல்ல.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஓட்டோவுக்குள் ஏறி, “அய்யே, இக்மனட்ட!” என்று சிங்களத்தில் டிரைவரைக் கெதியாகப் போகச் சொல்லி விரட்டிக்கொண்டு போகும்போது மிலானோ திரும்பவும் எடுத்தது. ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள்.

“கண்ணுக்கு முன்னால விழுந்திட்டாள் மச்சாள்! உங்களுக்கு எடுத்தன், உங்கட அண்ணனுக்கு எடுத்தன், ஒருத்தரும் இல்ல. அங்க பக்கத்து ஆக்கள்ட நம்பர் எனக்கு என்ன தெரியும்? கெமராவால கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தன். பிறகு செபக்குழுவுக்குத்தான் போட்டன். போன முறையும் அப்படித்தானே, எல்லாரும் செபிச்சு, பிள்ள எழும்பினாள்.”

“போன முறையா?”

“ஓம், முந்தி ஒருக்கா விழுந்தாளே, நீங்களாச் சொல்லுவீங்க எண்டு நான் கேக்கேல்ல. அப்பவும் வீடியோவை எங்கட குழுவுக்குப் போட்டு, ரொஷேலுக்காகச் செபியுங்கோ எண்டு கேட்டனான். ஹெந்தளை ஆக்கள் ரெண்டு மூண்டு பேரும் எங்கட குழுவில இருக்கினம், நல்லாச் செபிப்பினம்.”

கொறற்றிக்கு மேலே ஒன்றும் கேட்கத் தேவையில்லை. “என்ட வீட்டுக்குள்ள நடக்கிறதை ஊருக்குக் காட்ட உனக்கு ஆரடி உரிமை தந்தது?” என்று கத்தினாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“செபிக்கத்தானே கேட்டன்” என்று ஜெசிந்தா விம்மினாள். “பாஸ்வேர்ட் தந்தது நீங்கதானே மச்சாள். நாங்க என்ன வெளியாக்களா?”

கொறற்றிக்குப் போனை அணைக்கவும் தோன்றவில்லை. அது மடியில் கிடந்து விம்மிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ரொஷேல் கண் திறந்திருந்தாள். மேசை விளிம்பில் அடிபட்டு வாய்க்குக் கீழே நாடியில் தையல், முன் பல் ஒன்று பாதி இல்லை. “அம்மா” என்றாள். பிறகு, “ஹமீமா ஆன்ட்டி எங்க?” என்றாள். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகாமல் பிள்ளையை உடனே பக்கவாட்டில் திருப்பிப் போட்டது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் கதை வேறு என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். கொறற்றி “ஒவ் டொக்டர், ஒவ் டொக்டர்” என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். வேறு என்ன சொல்வது? திருப்பிப் போட்டது பெற்றவள் இல்லையே.

வெளியே மர வாங்கில் ஹமீமாவும் ஹுசைனும் உட்கார்ந்திருந்தார்கள். ஹுசைனின் வலது கை முழங்கை வரை பண்டேஜ். சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று கேட்டிருக்கிறது. திறப்பு இல்லை. முன் கதவு பூட்டு, பின் கதவில் புதுத் தாழ்ப்பாள். அந்த மனுசன் குசினி யன்னல் கண்ணாடியை வெறுங்கையால் குத்தி உடைத்துக் கொண்டியைத் திறந்துவிட, ஹமீமா அந்த வயதில் யன்னலால் ஏறிக் குதித்திருக்கிறாள். அவளுடைய அபாயாவின் மடியில் இரத்தமும் வெள்ளை ஐசிங்கும் காய்ந்து ஒட்டியிருந்தன.

“உள்ளுக்குப் போனா ஒரு மனிசரும் இல்ல” என்றாள் ஹமீமா, கொறற்றியைப் பார்க்காமல், முன் சுவரைப் பார்த்து. “சாமிப் படத்துக்கிட்ட இருந்து ஒரு பொம்புள அழுது அழுது ஓதிக்கொண்டு ஈக்கிறா. நான் பயந்திட்டேன். புள்ளயத் திருப்பி முடியும் வரைக்கும் ஓதின.”

“தாத்தா, நீங்க சொல்லேல்ல. எனக்கு இப்பதான் தெரியும். நீங்க ஒண்டும் சொல்லேல்ல” என்றாள் கொறற்றி.

“அத நான் அண்டைக்கே செல்லிட்டேன்.”

கொறற்றி கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அனுப்பின பத்துப் பேரும் ஒவ்வொருவராகப் பதில் போடுகிறார்கள்: செபித்தேன், செபித்தோம். அதைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து திறப்பை எடுத்தாள். சிவப்பு நூல் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் நீட்டினாள். அழுகையில் வாய் கோணிக்கொண்டு வந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்க தாத்தா. இது உங்களிட்டயே இருக்கட்டும்.”

ஹமீமா அந்தத் திறப்பைப் பார்த்தாள். எழும்பினாள். புருசனின் நல்ல கையைப் பிடித்து அவரையும் எழுப்பினாள்.

“புள்ள விழுந்தா நான் வருவேன். யன்னலால எண்டாலும் வருவேன்” என்றாள். “தொறப்பு வேணாம் மிஸிஸ் நிக்கலஸ். வெளியாளுக்கு என்னத்துக்கு? ஒங்களுக்குத்தான் கெமரா ஈக்கே.”

இரண்டு பேரும் மெல்ல நடந்து படியிறங்கிப் போனார்கள். நீட்டின கையோடு கொறற்றி அங்கேயே நின்றாள். பைக்குள் போன் இன்னொரு தரம் அதிர்ந்தது. ஆரோ செபித்து முடித்துவிட்டார்கள்.